சர்க்கரை இறங்கிய நாள்

போன வாரம் டாக்டர் அறையில் ஒரு பொய் சொல்லப்பட்டது. சொன்னவர் வாத்தியார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தை ஏதோ உறவுக்காரர் கல்யாணப் போட்டோ போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய மருமகள்.

“மாத்திரையைக் கூட்டியிருக்கேன்,” என்றார் டாக்டர். “இதுக்கும் இறங்கலைன்னா அடுத்தது ஊசிதான். ஆமா, இலை, பொடி, கஷாயம்னு வேற ஏதாவது சாப்பிடறீங்களா?”

“சேச்சே!” என்றார் வாத்தியார்.

அந்தச் சேச்சேயைக் கேட்டவர்கள், இலை என்ற பொருளை இவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். அதே நேரம் மேஜைக்கு அடியில் அவருடைய செருப்பு மருமகளின் செருப்பை லேசாக மிதித்தது. ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவரின் கால் அது. எங்கே பிரேக் போட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

மருமகள் வாயைத் திறக்கவில்லை. சொல்லாத வார்த்தை அன்றிலிருந்து வயிற்றுக்குள் இறங்கிக் கல்லாக உட்கார்ந்திருந்தது.

வெளியே வரும்போது டாக்டர் அவளை மட்டும் நிறுத்தினார். “எழுபதுக்குக் கீழே போனா மட்டும் விளையாடாதீங்கம்மா. உடனே சர்க்கரைத் தண்ணி கொடுங்க. அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க.”

அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால்தானே சொல்ல? அந்த வீட்டில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இன்னிக்கு எவ்வளவு இறங்கியிருக்கு?”

தினமும் காலையில் வாத்தியார் கூடத்தில் உட்கார்ந்து விரலை நீட்டுவார். லாரி எதிரே வந்தாலும் கண் சிமிட்டாத மனிதர், அந்தப் பொட்டு ஊசிக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் மனைவி, அதாவது மருமகளின் மாமியார், குத்துவாள். மெஷின் யோசிக்கும். பிறகு வாத்தியார் நம்பரைப் பரீட்சை முடிவு போல உரக்க அறிவிப்பார். நேற்றைவிட இறங்கியிருந்தால் மாமியார் கை தட்டுவாள். வெளியூரில் கணக்குத் தணிக்கைக்குப் போயிருக்கும் மகனுக்குச் செய்தி பறக்கும். அவன் அங்கிருந்து கட்டைவிரல் அனுப்புவான். இந்த ஒரு வாரமாகக் கைதட்டல் ஓயவில்லை. ஏறுவது பாவம், இறங்குவது புண்ணியம். வீட்டில் மாடிப்படி இல்லாதது ஒன்றுதான் குறை.

கைதட்டலின் காரணம் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் வாத்தியார். இன்னொருத்தி மருமகள். மூன்றாவது ஆள், பூங்காவில் வாத்தியாரோடு நடக்கும் ஹாரன் மாமா. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் ரகசியம் பேசினால் மூன்று பெஞ்சு தள்ளித் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார். பெயர் வந்த கதை அதுதான். தனி ஆள். வாத்தியார் போடும் அதே மாத்திரையைத்தான் அவரும் போடுகிறார். அவர்தான் ஒரு தொட்டியில் கொடியொன்றைக் கொண்டுவந்து, “சிறுகுறிஞ்சான். காலையில ரெண்டு இலை. சுகர் உன் பேச்சைக் கேக்கும்,” என்று தெருவே கேட்கும்படி ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டி பின்கட்டில், துணி காயும் கம்பிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் குடிவைக்கப்பட்டது. தண்ணீர் ஊற்றுவது மருமகள். இலை பறிப்பது வாத்தியார். “அத்தைக்குத் தெரிஞ்சா நாலு பேருக்குப் போன் பண்ணுவா. அந்த நாலு பேரும் நாலு இலை சொல்லுவாங்க. உனக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி?” என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. தப்பான காரியம் எல்லாமே முதல் நாள் நியாயமாகத்தான் படும்.

இன்று காலை மாமியார் ஒரு போர்வையைக் காயப்போடப் போனாள். போர்வை பெரிது. கம்பியின் கோடி வரை போக வேண்டியிருந்தது.

“இங்க வாம்மா,” என்று குரல் வந்தது.

மருமகள் அப்போது அலமாரிக்குள் இருந்தாள். கோபித்துக்கொண்டு அல்ல, அதுதான் அவளுடைய அலுவலகம். கணவனின் சட்டைகளுக்கு நடுவே மைக்கை வைத்துக்கொண்டு குரல் பதிவு செய்வது அவள் தொழில். போனில் நம்மைக் காத்திருக்கச் சொல்லும் பெண், வரிசையில் இத்தனையாவது ஆள் என்று நமக்குச் சொல்லும் பெண், எல்லாம் இவள்தான். வேலை கொடுக்கிறவர் போனில் அடிக்கடி சொல்வார்: “கவலையே இல்லாத மாதிரி சொல்லுங்க மேடம். கொஞ்சம் சிரிச்ச முகமா.” சொல்லிச் சொல்லி, நிஜமாகக் கவலை வரும்போதுகூடக் குரலில் அந்தச் சிரித்த முகம் ஒட்டிக்கொண்டது. அதனால் அவளுக்குப் பயமே கிடையாது என்று குடும்பம் முடிவு கட்டியிருந்தது.

பின்கட்டில் மாமியார் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இது என்ன?”

“செடி, அத்தை.”

“யானைன்னு நான் சொன்னேனா? எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கு?”

மருமகள் சொல்லிவிட்டாள். ஹாரன் மாமா, இரண்டு இலை, டாக்டரிடம் சொன்ன சேச்சே, எல்லாம். மாமியார் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். மாமியாரின் முகத்தில் வந்தது வேறு.

“எனக்குத் தெரியாம என் வீட்டுல ஒரு இலை முளைக்குதா?” என்றாள். பொய்யைவிடத் தன்னைச் சேர்த்துக்கொள்ளாததுதான் சுட்டது. “நான் மட்டும் என்ன சும்மாவா இருக்கேன்? என் பங்குக்கு நானும்...” சட்டென்று நிறுத்தி, போர்வையின் சுருக்கத்தை நீவினாள். “சரி, விடு. இது கசக்குமா?”

“ரொம்ப, அத்தை.”

“கசந்தா நல்லதுதான்.” மாமியார் இரண்டு இலை பறித்து ஒன்றை வாயில் போட்டாள். இன்னொன்றை நீட்டினாள். “நீயும் தின்னு. உனக்கும் வயசு ஏறிட்டுத்தானே இருக்கு, இறங்கலையே.”

மருமகள் தின்றாள். மாட்டிக்கொண்டவளுக்குத் தேர்வு செய்யும் உரிமை கிடையாது. இரண்டு பேரும் முகத்தைக் கோணிக்கொண்டு மென்று, ஒரே கூட்டணியாக நின்றார்கள்.

அப்போதுதான் அவள் கொடியின் சுவர்ப் பக்கத்தைப் பார்த்தாள். தினமும் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படும் பக்கம் பச்சைப் பசேல் என்று இருந்தது. சுவர்ப் பக்கம் மொட்டை. நாரும் காம்பும்தான் மிச்சம். இரண்டு இலைக் கணக்கில் இத்தனை மொட்டை விழாது.

“அத்தை, மாமா காலையில என்ன சாப்பிட்டார்?”

“ஒண்ணும் சாப்பிடலையே. நாளைக்கு ரத்தம் எடுக்கணும்ல? பட்டினி கிடந்தா இன்னும் இறங்கும்னார். மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார். வர வர என்ன கட்டுப்பாடு தெரியுமா அவருக்கு!”

மாமியாரின் குரலில் பெருமை. மருமகள் கணக்குப் போட்டாள். கூட்டின மாத்திரை, கூட்டின இலை, காலி வயிறு. அப்படியே போய் ஒரு காரில், ஓட்டத் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவள் போனை எடுப்பதற்குள் மாமியாரின் போன் அடித்தது. மாமியார் போனைக் காதில் வைக்கும் வழக்கம் இல்லை. ஊரே கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

“அம்மா, நான் பல் டாக்டர் பேசறேன். சார்கிட்ட டிரைவிங் கத்துக்கறேனே.”

“சொல்லுங்க டாக்டர்!”

“சாருக்கு சுகர் இறங்கிடுச்சும்மா.”

“இறங்கிடுச்சா!” மாமியார் போனைப் பிடித்தபடியே கை தட்டப் பார்த்தாள். “உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும் டாக்டர்!”



“என் வாய்க்கு வேண்டாம்மா. அவர் வாய்க்குப் போடணும்.”

மருமகள் போனைப் பிடுங்கினாள். “எவ்வளவு காட்டுது?”

“டேஷ்போர்டுல மெஷின் இருந்துச்சு, குத்திப் பார்த்துட்டேன். நாப்பத்தெட்டு. வேர்த்துக் கொட்டுது, கை நடுங்குது. முழிச்சிட்டுத்தான் இருக்கார். ஆனா பேச்சு குழறுது. இங்க மைதானத்துல கடை கண்ணி ஒண்ணும் இல்லை.”

“வண்டியில மிட்டாய், பிஸ்கட் ஏதாவது...”

“நான் பல் டாக்டர்ம்மா,” என்றார் அவர், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பது போல. “வீடு பக்கம்தானே? நானே ஓட்டிட்டு வந்துடறேன்.”

“நீங்களா? தனியாவா?”

“சார் பக்கத்துலதான் இருக்கார். இப்பக்கூட கியரைத் தப்பாப் போட்டேன். திட்டவே இல்லைம்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

போன் துண்டித்தது. மாமியார் இன்னும் பாதிக் கைதட்டலில் நின்றாள். “நாப்பத்தெட்டுன்னா நல்லதுதானே? போன வருஷம் முந்நூறு இருந்ததே?”

“அத்தை, எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. போனா மயக்கம் வரும். அதுக்கும் கீழே போனா...” அவள் முடிக்கவில்லை. “டாக்டர் என்கிட்ட சொன்னார்.”

“எப்போ?”

“போன வாரம்.”

மாமியார் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு வாரத்துக் கைதட்டல் முழுவதும் இருந்தது.

“சர்க்கரை எங்க அத்தை?”

இந்தக் கேள்வி மற்ற வீடுகளில் எளிமையானது. இங்கே அப்படி அல்ல. வாத்தியாருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளே மாமியார் வீட்டைச் சலித்துவிட்டாள். பிஸ்கட் போயிற்று, ஜாம் போயிற்று, தேன் போயிற்று. வந்தவர்களுக்கு டீ கொடுக்க வேண்டுமே என்று கொஞ்சம் சர்க்கரை மட்டும் மிஞ்சியது. அதையும் வாத்தியார் மோப்பம் பிடித்துவிடுவார் என்று வாரத்துக்கு ஓர் இடமாக மாற்றி ஒளித்துவந்தாள். போலீஸ் காவலில் இருக்கும் சாட்சியைக்கூட இத்தனை இடம் மாற்ற மாட்டார்கள்.

மாமியார் சமையலறை ஸ்டூலில் ஏறி மேல்தட்டிலிருந்து இரண்டு ஜாடிகளை இறக்கினாள். ஒன்றுக்குப் பச்சை மூடி. ஒன்றுக்கு நீல மூடி. இரண்டிலும் வெள்ளை வெளேரென்று பரல் பரலாக ஒன்றுபோல் இருந்தது.

“பச்சை மூடி சர்க்கரை. நீல மூடி எறும்பு மருந்து.”

“எறும்பு மருந்தைச் சர்க்கரை பக்கத்துலயா வெச்சிருக்கீங்க?”

“அவர் பயந்துக்கிட்டுக் கை வைக்க மாட்டார்னுதான்.” மாமியார் பச்சை மூடியைத் திருகினாள். பாதியில் கை நின்றது. “இரு. போன வாரம் மூடியை மாத்தி வைக்கணும்னு நினைச்சேன். சர்க்கரைக்கு நீல மூடி போட்டுட்டா தொடவே மாட்டாரேன்னு.”

“மாத்தினீங்களா?”

“மாத்தணும்னு நினைச்சது நல்லா ஞாபகம் இருக்கு.”

“மாத்தினீங்களா அத்தை?”

“அதுதான்டி தெரியலை!”

தெருவில் எங்கோ ஒரு கார் உறுமியது. பிறகு குதித்தது. மறுபடி உறுமியது.

மாமியார் பச்சை ஜாடியில் விரல் நுனியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் வெளிறியது. சிங்க்கில் துப்பினாள். “மண்ணு! மண்ணு மாதிரி இருக்கு. இது மருந்துதான்.” நீல ஜாடியைத் தொட்டாள். துப்பினாள். “இதுவும் மண்ணு!”

“தள்ளுங்க.” மருமகள் தானே தொட்டுப் பார்த்தாள். நாக்கில் ஒரு பரல் கரைந்தது. இனிப்பு இல்லை. எதுவுமே இல்லை. ஆற்று மணலை வறுத்துப் போட்டது போல. இரண்டாவது ஜாடியும் அப்படியே.

“ரெண்டுலயும் மருந்தா கொட்டி வெச்சீங்க?”

“நான் என்ன பைத்தியமா? ஒருவேளை சர்க்கரையை அவர் தின்னுட்டு, பதிலுக்கு எதையாவது கொட்டி வெச்சுட்டாரோ?”

எதிர்வீடு பூட்டியிருந்தது. கடைக்கு ஓடினால் தெருக்கோடி வரை போக வேண்டும். மருமகள் ஒரு கையால் டாக்டரின் எண்ணை அழுத்தினாள். மறுகையில் டம்ளர்.

“வணக்கம்,” என்றது போன். “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்.”

அவளே அலமாரிக்குள், சட்டைகளுக்கு நடுவே, போன வருஷம் ஒரு மதியத்தில் சொன்னது. கவலையே இல்லாத குரல். சிரித்த முகம். அந்தக் கழுத்தை நெரிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கழுத்து தன்னுடையது என்பதால் விட்டுவிட்டு, போனைத் துண்டிக்காமல் இடுப்பில் செருகினாள்.

வாசலில் ஹாரன் அலறியது. பல் டாக்டரின் குரல் அதைவிட அலறியது. “யாராவது வாங்க! வாங்களேன்!”

மாமியார் இரண்டு ஜாடிகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். “எதைடி கொடுக்கறது? மருந்தைக் கொடுத்துட்டா? என் கையாலேயே...”

மருமகள் ஜாடிகளைப் பார்க்கவில்லை. அவை இருந்த மேல்தட்டைப் பார்த்தாள். சுவரின் விரிசலிலிருந்து ஒரு மெல்லிய கறுப்புக் கோடு கிளம்பி, தட்டின் ஓரமாக நடந்து, ஜாடி இருந்த வட்டத் தடத்துக்கு வந்து நின்று, இப்போது தலைவரைத் தொலைத்த ஊர்வலம் போல அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“அத்தை, அந்த வட்டத்துல எந்த ஜாடி இருந்தது? சுவர் ஓரத்துல?”

“நீலம்.”

அவள் நீல ஜாடியை வாங்கித் திருப்பினாள். மூடியின் மரை இடுக்கில் எறும்புகள். உள்ளே போகின்றன. போனவை வெளியே வருகின்றன. நல்ல ஆரோக்கியத்துடன், ஆளுக்கொரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் வருகின்றன. பச்சை ஜாடியின் பக்கம் ஓர் எறும்பு கூட எட்டிப் பார்க்கவில்லை.

“நீலம்தான் சர்க்கரை,” என்றாள். “நீங்க மூடியை மாத்திட்டீங்க.”

“அப்ப ஏன் இனிக்கலை?”

“எனக்குத் தெரியாது. எறும்புக்குத் தெரியும்.”

டம்ளரில் நாலைந்து கரண்டி அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கலக்கிக்கொண்டே ஓடினாள். நம்பிக்கை எறும்பளவுதான் இருந்தது. அதைக் கொண்டு ஒரு மனிதரின் வாயில் ஊற்றப் போகிறாள்.

கார் தெருவின் நடுவே, கேட்டுக்குக் குறுக்காக நின்றது. பல் டாக்டர் ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்தபடி, பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் காலை எடுக்க மாட்டேன்! எடுத்தா வண்டி போயிடும்! அவரைப் பாருங்க!”

வாத்தியாரின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது; ஆனால் பார்வை எங்கேயோ நிறுத்திவைத்த வண்டியைத் தேடுவது போல அலைந்தது. சட்டைப் பையிலிருந்து பச்சை இலைகள் எட்டிப் பார்த்தன. உதட்டோரத்திலும் பச்சை.

“மாமா, குடிங்க.”

ஒரு வாய் குடித்தார். உடனே துப்பினார். “பச்சைத் தண்ணி. என்னை... என்னை ஏமாத்தறீங்களா?”

“சர்க்கரை போட்டிருக்கு மாமா.”

“இனிக்கலை. பொய் சொல்ற.” கையை வீசினார். டம்ளர் தளும்பியது.

பொய் சொல்ற. ஒரு கணம் அவளும் நம்பினாள்: இது சர்க்கரை இல்லை. எறும்புகள் பொய். இந்த டம்ளரில் இருப்பது மருந்து.

“அந்த இலையைத் தின்னீங்களா நீங்களும்?” என்று கத்தினார் பல் டாக்டர், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே. “இலையைத் தின்னா நாக்குக்கு இனிப்பே தெரியாதும்மா! கொஞ்ச நேரத்துக்குச் சர்க்கரை மண்ணு மாதிரிதான் இருக்கும்! நாக்குதான் ஏமாறுது, ரத்தம் ஏமாறாது! கொடுங்க!”

மாமியார் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கெஞ்சினால் இவர் குடிக்க மாட்டார். வாத்தியாரின் வாழ்க்கையில் கெஞ்சியவர்கள் யாருக்கும் லைசென்ஸ் கிடைத்ததில்லை. ஆனால் அறிவிப்புகளுக்கு அவர் கீழ்ப்படிவார். சிவப்பு விளக்குக்கு நிற்பார். லிஃப்டில் குரல் சொன்னால் ஒதுங்குவார். மருமகள் மூச்சை இழுத்தாள். அலமாரிக்குள் நின்று பேசும் குரலை எடுத்தாள்.

“தயவுசெய்து டம்ளரை இரண்டு கைகளாலும் பிடிக்கவும்.”

வாத்தியார் பிடித்தார்.

“தயவுசெய்து மெதுவாகக் குடிக்கவும். இடையில் நிறுத்த வேண்டாம்.”

குடித்தார். கடைசிச் சொட்டு வரை. குரல் சிரித்த முகமாக இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது ஒலிப்பதிவில் விழாது.

பிறகு காத்திருந்தார்கள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. மாமியார் எழுந்து போய் அந்த டிரைவரிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, அவன் எஞ்சினையே அணைத்துவிட்டான்.

வாத்தியார் கண்ணைக் கசக்கினார். கேட்டைப் பார்த்தார். காரின் மூக்கைப் பார்த்தார். பல் டாக்டரைப் பார்த்தார்.

“கேட்டுக்குக் குறுக்கே யாராவது வண்டியை நிறுத்துவாங்களா? இதுதான் நான் சொல்லிக்கொடுத்த லட்சணமா?”

பல் டாக்டர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். சந்தோஷத்தில்.

மறுபடி விரலைக் குத்தினார்கள். மெஷின் யோசித்தது. இந்த முறை மருமகள்தான் அறிவித்தாள்: “தொண்ணூத்தி ரெண்டு. ஏறிடுச்சு.”

மாமியார் கை தட்டினாள். ஏறியதற்கு அந்த வீட்டில் விழுந்த முதல் கைதட்டல் அது.

ரொட்டித் துண்டுகள் வந்தன. வாத்தியார் காரிலேயே உட்கார்ந்து மென்றார். அப்போதுதான் இவ்வளவு நேரமும் காத்திருந்த போனுக்கு உயிர் வந்து, டாக்டரின் நிஜக் குரல் கேட்டது. என்ன ஆயிற்று என்றார். நம்பரைச் சொன்னாள். பிறகு, வாத்தியாரின் செருப்பு தன் செருப்புக்கு எட்டாத தூரத்தில் தள்ளி நின்றுகொண்டு, மிச்சத்தையும் சொன்னாள்.

“இலை கொடுத்தோம் டாக்டர். சிறுகுறிஞ்சான். போன வாரமே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். நான் சொல்லலை.”

டாக்டர் திட்டவில்லை. வாத்தியாரைப் போலவே அவரும் திட்டாதபோதுதான் பயமாக இருந்தது. “வேற ஏதாவது?”

“அவ்வளவுதான் டாக்டர்.”

“அவ்வளவுதான் இல்லை,” என்றாள் மாமியார் மெல்ல. “காலையில அவர் குடிக்கற தண்ணியில வெந்தயப் பொடி கலக்கறேன். ராத்திரி பாகற்காய்ப் பொடி. அவருக்குத் தெரியாது.”

வாத்தியார் மெல்லுவதை நிறுத்தினார். “அதான் தண்ணி அப்படி இருந்ததா? நான் நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டேனே!”

“மாத்திரைக்கு மேல இத்தனையும் ஆளாளுக்கு ஊத்தினா ரத்தத்துல சர்க்கரை எங்கே மிஞ்சும்?” என்றது போன். “இலை, பொடி எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்துங்க. நல்லா சாப்பிடச் சொல்லி, இப்பவே இங்க கூட்டிட்டு வாங்க. திரும்பவும் இறங்கலாம்.”

மருமகள் போனை வைத்தாள். வயிற்றுக் கல் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டது போல இருந்தது. வாத்தியாரின் சட்டைப் பையிலிருந்து இலைகளை அள்ளி எடுத்தாள். ஒரு கைப்பிடி.

“ரெண்டு இலைன்னுதானே மாமா பேச்சு?”

“ரெண்டுல நிறுத்தினா போதாதுன்னு ஹாரன்தான் சொன்னான்.” வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். “நானாவது பரவாயில்லை. அவன் ரெண்டு கையாலும் அள்ளித் திம்பான். ஊசி போட்டுக்கிட்டா ஆம்பளை இல்லைன்னுவான். என்னையாவது அத்தை அதட்டிச் சாப்பிட வைப்பா. அவனை யாரு...”

அவர் நிறுத்திவிட்டார். ரொட்டி கையில் அப்படியே நின்றது.

“மாமா, இன்னிக்குக் காலையில ஹாரன் மாமா பார்க்குக்கு வந்தாரா?”

“வரலை.” நெற்றியில் மறுபடி வேர்வை துளிர்த்தது. இது சர்க்கரையால் வந்த வேர்வை அல்ல. “தூங்கறான்னு நினைச்சேன். அவன் என்னிக்கும்மா தூங்கியிருக்கான்?”

மருமகள் நீல மூடி ஜாடியை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். மாமியார் மிச்ச ரொட்டியோடு மறுபக்கம் ஏறினாள். ஹாரன் மாமா வீடு டாக்டரிடம் போகும் வழியில்தான்.

“டாக்டர், வண்டியை எடுங்க,” என்றாள் மருமகள் பல் டாக்டரிடம்.

“நானா? மறுபடியுமா?”

“ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க,” என்றார் வாத்தியார். “இறக்குங்க. கிளட்ச். நான் இருக்கேன் இல்ல, போங்க.”

கார் குதித்து, தயங்கி, நகர்ந்தது. மருமகள் ஹாரன் மாமாவின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஊரையே எழுப்பும் அந்தக் குரலுக்காக, அந்த ஒரு “ஹலோ”வுக்காக, அவள் காதைப் போனோடு அழுத்திக்கொண்டாள்.

மணி நின்றது. யாரோ பேசினார்கள். ஒரு பெண்.

“நீங்கள் அழைக்கும் நபர் தற்போது பதிலளிக்கவில்லை,” என்றாள் மருமகள், மருமகளிடம். கவலையே இல்லாமல். கொஞ்சம் சிரித்த முகமாக. “தயவுசெய்து சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்.”